மரகதம் குனியவில்லை

பின் சீட்டில் யாரோ வறுத்த பட்டாணி தின்றுகொண்டு வந்தார்கள். கடக், கடக் என்று பல்லில் உடைகிற சத்தம். மரக்காணம் பேருந்து கூனிமேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. நானும் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

"ஹலோ, சார், லைன்ல இருக்கீங்களா?" என்று போனில் கேட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரியவர் காலிப் பொட்டலத்தைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தார். பட்டாணி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பட்டாணி மெல்லுகிற சத்தம் நின்றால், நான் சொன்ன சொல்லில் ஏதோ தப்பு என்று பொருள். இருபது வருட வேலை என் உடம்பில் எழுதி வைத்திருப்பது அது.

போனில் பேசியவர்கள் எங்கள் ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள். "நீங்க எப்படி வேலை செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். தொண்டையில் முடிச்சு விழுந்து, மருத்துவர் பேச்சைக் குறைக்கச் சொல்லி, ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்று வந்தவன் நான். குரல் போனால் என்ன, கை இருக்கிறது.

பார்வையில்லாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். வசனம் கேட்கும், பாட்டுக் கேட்கும். நடுவில் ஒருத்தி கதவைச் சாத்துகிறாள், ஒருவன் கடிதத்தைக் கிழிக்கிறான், குழந்தை கிணற்றை எட்டிப் பார்க்கிறது. அதை யார் சொல்வது? நாங்கள் சொல்வோம். முதலில் டிவிடி தட்டுகளில் சொன்னோம். பிறகு தட்டுப் போய், படங்கள் நேராக வீட்டு டிவிக்குள் இறங்க ஆரம்பித்ததும் அதிலும் சொன்னோம். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளிக்கு எங்களுக்குள் பெயர் சந்து. சந்துக்குள் நுழைந்து, சுவரில் இடிக்காமல், வெளியே வந்துவிட வேண்டும். மூன்று விநாடிச் சந்துக்கு ஆறேழு சொல். எட்டாவது சொல் கதாநாயகியின் வசனத்தின் மேல் மிதித்துவிடும்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மரக்காணத்தில் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். நானும் பதினெட்டு வயதுவரை அவரோடு உப்புப் பாத்தி மிதித்தேன். அப்புறம் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். சின்னப் பத்திரிகைகளில் வரி உடைக்காத கவிதைகள் எழுதினேன். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. சொல்லைச் சுருக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, பெரிய முதலியார்சாவடியில் தென்னந்தோப்புக்குள் இருந்த ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அதுதான் ஸ்டுடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தை. மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போனால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அவர் போகிறவரை காத்திருப்போம். சில நாள் மீனும் வாங்கிக்கொள்வோம்.

அங்கே எனக்கு மேலதிகாரி கலைச்செல்வி. பொம்மையார்பாளையத்துக்காரர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவர் காது வழியாகப் போய்த்தான் படத்தில் சேரும். நான் உப்பளத்து வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்: உப்பு.

அவர் வேலை பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். நாற்காலியில் இரண்டு காலையும் மடித்துப்போட்டு உட்காருவார். மடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் வறுத்த பட்டாணி. டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார். "நீ ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே படிச்சீன்னா, உன் வாய் சோம்பேறி ஆயிடும் உப்பு. கண்ணு பாக்கி வேலைய செஞ்சிடும்" என்பார். படம் ஓடும், நான் படிப்பேன், அவர் மெல்லுவார். மெல்லுகிறவரை எல்லாம் சரி. மெல்லுவது நின்றால் தப்பு. என்ன தப்பு என்று உடனே சொல்லவும் மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இப்ப நான் எங்க நிக்கிறேன்?" வாசலிலா, கூடத்திலா, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலா, தெருவுக்கு எதிர்ப்புறமா? எனக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த வரி செத்தது.

நான் எழுதிய முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "வானம் உப்பாய்ச் சிதறிக் கிடக்கிறது." மெல்லுவது நின்றது.

"வானத்துல என்னா சிதறுது? மழையா?"

"நட்சத்திரங்க மேடம்."

"அப்ப நட்சத்திரம்னு சொல்லித் தொலையேம்பா. உன் கவிதைய நான் அப்புறமா கேக்கறேன், தனியா, உன் செலவுல டீ குடிச்சிக்கிட்டு."

இன்னொரு நாள் புடவையின் நிறத்தை விட்டுவிட்டேன். பிறவியிலிருந்தே பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு என்று எனக்குள் ஒரு நினைப்பு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டார். நான் இழுத்தேன். "எனக்குச் சிவப்பு தெரியாதுங்கிற, அதானே? நான் டெல்லிக்கும் போனதில்ல. டெல்லின்னா எனக்கு ஒண்ணுமே தெரியாதா? கல்யாணப் பொண்ணு வெள்ளை கட்டிட்டு வந்தா ஊரே பேசும்னு எனக்குத் தெரியும். நிறத்தச் சொல்லு." அன்றிலிருந்து ஒரு நிறத்தையும் நான் விட்டதில்லை.

சண்டைக் காட்சிகளைப் பற்றி அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "சின்ன வயசுல, எதுக்கு இவங்க இவ்ளோ நேரம் கதவத் தட்டிட்டே இருக்காங்க, யாராவது தெறந்து விட்டா என்னான்னு நெனச்சிட்டிருந்தேன்."

எழுதுகிறவனுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். கண்டதைச் சொல், கருதியதைச் சொல்லாதே. "சோகமாகப் பார்க்கிறாள்" என்றால் அடி விழும். உதட்டைக் கடிக்கிறாளா, தரையைப் பார்க்கிறாளா, அதைச் சொல். சோகமா கோபமா என்று கேட்கிறவர் முடிவு செய்துகொள்வார். "எங்க மண்டைக்கும் கொஞ்சம் வேலை குடுங்கப்பா" என்பார்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னார். அவருடைய அண்ணன் கடலுக்குப் போகிறவர். தங்கை மேல் உயிர். தங்கையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் முழுக்கக் காதில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே நண்பர்களோடு பார்த்துவிட்டவர். அதனால் பாசத்தில், "இவன்தான் கடைசில கொல்றான், பாத்துக்க" என்று முதல் ரீலிலேயே சொல்லிவிடுவார். கடைசியில் தியேட்டரே மூச்சைப் பிடித்து 'ஆ' என்று அலறும்போது, கலைச்செல்வி மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"எல்லாரும் கத்தறப்ப நானும் கத்தணும் உப்பு. ஒரே ஒரு தடவ. அதே நிமிஷத்துல. அதுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்தா, இங்க எல்லாப் படத்தையும் ஊருக்கு முன்னாடி நானே கேட்டுத் தொலைக்க வேண்டியதா இருக்குது."

அப்போதுதான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. மரக்காணம் உப்பளத்திலேயே எடுத்த மர்மக் கதை. வேலு என்று ஒருவன் காணாமல் போகிறான். தன் மொபெட்டில் ஏறி ஊரைவிட்டே போய்விட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவன் மனைவி மரகதம் அவனைத் தேடி அலைகிறாள். படம் வருகிறது என்று தெரிந்ததுமே கலைச்செல்வி அறிவித்துவிட்டார்: "இத நான் செக் பண்ண மாட்டேன். வேற ஆளு பாத்துக்கட்டும். ரிலீஸ் ஆன அன்னிக்கு அண்ணன் வீட்ல, எல்லாரோடயும் ஒக்காந்து மொத தடவையா கேக்கப் போறேன். அண்ணனும் பாத்திருக்க மாட்டான், படம் தியேட்டருக்கே வரல. எவனாவது கதையச் சொன்னீங்க, கால உடைப்பேன்."

நான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. பெருமையில் எனக்குத் தரை தெரியவில்லை. என் ஊர், நான் மிதித்த மண்.

எழுதி முடித்தேன். வேறொருவர் சரிபார்த்தார். குரல் பதிவுக்கு முன்னால் என் குரல் உப்பளக் காற்றோடு ஒட்டுகிறதா என்று மட்டும் கலைச்செல்வி கேட்க வேண்டியிருந்தது. முதல் கால்மணி நேரம் போதும். அதில் கதை எதுவும் திறக்கவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். டிவி சுவர்ப் பக்கம் திரும்பியது. கிண்ணம் மடிக்கு வந்தது.

பன்னிரண்டாவது நிமிடம். ஒரு பாட்டின் தொடக்கம். கேமரா உயரத்திலிருந்து உப்பளத்தைக் கடந்து போகிறது. நான் படித்தேன்: "காலை. உப்புப் பாத்திகள் மின்னுகின்றன. ஒரு பாத்தி மட்டும் மிதிபடாமல் கிடக்கிறது."

மெல்லுவது நின்றது.

"மிதிபடாமன்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று நினைத்துச் சொன்னேன். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியைச் சுத்தம் செய்து, வரிசையாக நின்று காலால் மிதிமிதி என்று மிதித்து இறுக்குவோம். மிதித்த பாத்தி துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும். மிதிக்காவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், உப்பு சேறாக வரும்.

கலைச்செல்வி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப எல்லாப் பாத்தியையும் மிதிச்சிட்டு ஒண்ண மட்டும் ஏன் விட்டாங்க? தோண்டி மூடியிருக்காங்க. வேலு எங்கயும் போகல. அந்தப் பாத்தியிலதான் என்னமோ கெடக்குது. இல்ல?"

நான் கையில் இருந்த பிரதியைப் புரட்டினேன்.

"உப்பு, இல்லன்னு சொல்லு."

பார்வையில்லாத ஒருவரிடம் இல்லாததை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ சொல்லிவிட்டால், அப்புறம் எங்கள் வேலைக்கு என்ன மிச்சம்? என் வாய் திறக்கவில்லை.

"செரி விடு," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அவர் திட்டாத ஒரே நாள் அது. எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போனார். தெரிந்த வீட்டில் அவர் சுவரைத் தொட்டு நான் பார்த்ததேயில்லை.

அவர் சொன்னது உண்மை. வேலுவின் மொபெட் அந்தப் பாத்திக்குள்தான் புதைந்திருந்தது. கடைசிக் காட்சியில் தோண்டும்போது அதன் ஹேண்டில்பார் வெளியே வரும். கடைசிக் காட்சியை முதலில் எடுத்துவிட்டு, தோண்டிய பாத்தியை அவசரமாக மூடி, பாட்டைப் பிறகு எடுத்திருப்பார்கள். இயக்குநர்கூடக் கவனித்திருப்பாரா என்பது சந்தேகம். பார்வையுள்ள ஆயிரம் பேர் பார்த்தாலும் அந்தப் பாத்தி கண்ணில் படாது. பாத்தி மிதித்த கால் உள்ளவனுக்கு மட்டுமே படும். பட்டது, சொல்லிவிட்டேன். என் ஊர் ஞானத்தைக் காட்டிக்கொள்ளப் போய், ஒரு மனுஷி வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த ஒரு நிமிடத்தை மிதித்துவிட்டேன்.

வரியை எடுத்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் காதில் அது விழுந்தாயிற்று. வீட்டில் கேட்கும்போது அந்த வரி இல்லாவிட்டால், இல்லாததே சாட்சி சொல்லிவிடும். அப்படியே விட்டாலும் சாட்சி. இல்லாத பாத்திகளைக் கூட்டிச் சொல்லிக் குழப்பலாம், அது பொய்.

இரண்டு நாள் அந்த ஒரு காட்சியையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். டிவியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் காலை, திரையின் வலது ஓரத்தில் அவை கிடந்தன: இன்னும் இரண்டு பாத்திகள், மிதிபடாமல். படப்பிடிப்பு நடந்தபோது ஆட்கள் அந்த வரிசையை இன்னும் மிதித்து முடிக்கவில்லை. அவை அன்றும் அங்கேதான் இருந்தன. நானும் பார்த்திருந்தேன். ஆனால் படத்தின் முடிவு எனக்குத் தெரியும். தெரிந்ததனால் என் கண் ஒன்றின் மேல் மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது.

புதிதாக வந்திருக்கிறவர்களே, நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒரு விஷயம்தான். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் முதல் வரியை எழுதுகிறோம். வேறு வழியில்லை. அதனால் முதல் வரிக்குள்ளேயே கடைசி வரி கசிந்துவிடும். இப்போது முதல் பிரதியைக் கணினியே எழுதித் தருகிறதாம். எழுதட்டும், நல்லது, கை வலி மிச்சம். ஆனால் அதனிடமும் கேளுங்கள்: முடிவு தெரிந்த கண்ணால் பார்த்தாயா, தெரியாத கண்ணால் பார்த்தாயா?

வரியை மாற்றினேன்: "மூன்று பாத்திகள் மட்டும் மிதிபடாமல் கிடக்கின்றன." ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்துக்குள்ளும் அடங்கியது.

பிறகு கடைசிக் காட்சிக்குப் போனேன். அங்கே நான் எழுதி வைத்திருந்தது: "மரகதத்துக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை." படித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஹேண்டில்பார் தெரிகிறது. ஊரே பாத்தியைச் சுற்றிக் குனிகிறது. மரகதம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் கேள்வி எழும். அவளுக்கு முன்பே தெரியுமா? அவளேதான் புதைத்தாளா? படம் சொல்லாது, முடிந்துவிடும். அப்படியிருக்க, நான் யார் சொல்ல? "எல்லோரும் குனிகிறார்கள்" என்று போட்டேன். பிறகு அவள் முகம் திரையை நிறைக்கிற கணம்வரை காத்திருந்து, இரண்டே சொல்: "மரகதம் குனியவில்லை." அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் கெட்டுவிடும். அந்த இரண்டு சொல்லை அன்று பகல் முழுக்கப் பதிவு செய்தேன். மீன்காரர் இரண்டு தடவை குறுக்கே வந்தார்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே பொம்மையார்பாளையம் போனேன். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டார் நாலைந்து பேர். நடுவில் கலைச்செல்வி.

"வந்துட்டியா? ஒக்காரு. வாயத் தெறக்காத," என்றார்.

படம் ஓடத் தொடங்கியதும் அண்ணி முகம் சுளித்தார். "என்னாடி கலை, எவனோ ஒருத்தன் நடுவுல நடுவுல பேசிக்கினே இருக்கறான்?"

"அந்த எவனோ ஒருத்தன் இவருதான் அண்ணி. எதிர்லயே ஒக்காந்திருக்காரு."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு எனக்கு டீ போட எழுந்து போனார். அடுப்படியிலிருந்தே குரல் வந்தது: "ஏங்க, நிறுத்தாதீங்க, இங்க நல்லா கேக்குது. அவன் சொல்றதே போதும், நான் டீயும் போட்டுக்கறேன், படமும் பாத்துக்கறேன்."

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. என் குரல் மூன்று பாத்தி என்றது. கலைச்செல்வியின் தலை என் பக்கம் திரும்பியது.

"மூணா?" என்றார் மெதுவாக. "மாத்திட்டியா?"

"படத்துல இருக்கறதுதான் மேடம்."

"அன்னிக்கு இல்லையா?"

"அன்னிக்கும் இருந்துது. நான் சொல்லல."

அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. படம் முழுக்க அது போகவில்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை, அந்தச் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் பாதி தாண்டியதும் அண்ணனுக்குப் பழைய வழக்கம் வந்துவிட்டது. தங்கையின் காதுப் பக்கம் சாய்ந்தார். "ஏ கலை, அந்த மாமனார்க்காரன்தான். எழுதி வச்சிக்க."

"ஒனக்கே தெரியாது, சும்மா இருண்ணா. எனக்கும் காது இருக்குது."

கடைசிக் காட்சி. மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம். இரும்பில் இரும்பு பட்டது. கூடத்தில் யாரும் அசையவில்லை. அண்ணி டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார். "எல்லோரும் குனிகிறார்கள்," என்றது என் குரல்.

"மரகதம் குனியவில்லை."

"அய்யய்யோ!" என்று கூடமே அலறியது. அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டார், எல்லோரும். அந்தக் கூச்சலுக்குள், கொஞ்சமும் முந்தாமல் பிந்தாமல், கலைச்செல்வியின் குரல். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது.

எனக்குக் கிடைத்த பாராட்டுகள் பல. சால்வைகூட ஒன்று இருக்கிறது. அவையெல்லாம் ஒரு பக்கம், அந்த அலறல் ஒரு பக்கம்.

அடுத்த நிமிடமே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "அவ பாவம், அதிர்ச்சியில அப்படியே நின்னுட்டா," என்றார் அண்ணன். "நீ என்னத்தப் பாத்த? அவ குனியவே இல்லையே! தெரிஞ்சவதான் குனிய மாட்டா," என்றார் அண்ணி. "அதிர்ச்சின்னா பின்னாலயாவது நகந்திருப்பாண்ணா. நகந்தாளா?" என்று கலைச்செல்வி நடுவில் பாய்ந்தார். "நீ சொல்லும்மா" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவர் கட்சியில் சேர்ந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நான் சொல்லிக்கொண்டு எழுந்தேன். கலைச்செல்வியும் எழுந்து, எதையும் தொடாமல், கூடத்தைக் கடந்து வாசல்வரை என்னோடு வந்தார். ஈ.சி.ஆரில் வண்டிகள் போகும் சத்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"மேடம், நெஜமாவே உங்களுக்கு முடிவு தெரியாமத்தான் கத்துனீங்களா..."

உள்ளே அண்ணனின் குரல் உயர்ந்தது. கலைச்செல்வி பாதி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நாளைக்குப் பேசிக்கலாம், கெளம்புப்பா. உள்ள சண்ட நடக்குது, நான் போகணும்."